சாஸ்கடூன் பக்கம் ஆர்வி கேம்ப்கிரவுண்ட் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி: முதலில் மேற்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ராத்திரி இரண்டு மணிக்கு ட்ரெய்லர் ஆட ஆரம்பித்தது. அம்மா ஊரிலிருந்து வந்திருந்த வருடம் அது, ஜூலை மாதம். கால்கரியிலிருந்து இந்த வீட்டு ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு 600 கி.மீ. ஓட்டி வந்து, கனடாவின் சாஸ்கட்செவன் மாகாணத்தில் சாஸ்கடூனுக்கு வெளியே, ஆர்வி எனப்படும் இப்படிப்பட்ட வீட்டு வண்டிகளை நிறுத்தித் தங்கும் ஒரு தனியார் கேம்ப்கிரவுண்டில் நிறுத்தியிருந்தோம். படங்களில் பார்த்தபோது குறையே தெரியவில்லை: சுத்தமான சைட் (வண்டி நிறுத்தும் இடம்), முழு ஹுக்-அப் (மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு), வைஃபை, குழந்தைகளுக்கு ஊஞ்சல். மேற்கே அடிவானம் வரைக்கும் கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிர் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது, அந்தக் காட்சிக்காகத்தான் அந்த சைட்டையே எடுத்தோம். காற்றும் அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. நான் எழுந்து வெளியே ஓடுவதற்குள் ஆனிங்கின், அதாவது வெளியே விரிக்கும் துணிப் பந்தலின், ஒரு கை வளைந்து, துணி கூரை மேல் புரண்டு கிடந்தது. காற்று கொஞ்சம் அடங்கினால் ரயில் ஹாரன், அது முடிந்து கண்ணயர்ந்தால் அடுத்த ரயில். காலையில் அம்மா காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்ப்பா, இங்க காத்து நிக்கவே நிக்காதா?" என்று கேட்டார்.

நிற்காதுதான். தடுத்து நிறுத்த இங்கே மலையும் இல்லை, அடர்ந்த காடும் இல்லை. ராக்கி மலைப் பக்கமோ ஒன்டாரியோ ஏரிகள் பக்கமோ கேம்ப்கிரவுண்ட் தேடும்போது நாம் பார்க்கிற விஷயங்கள், அதாவது காட்சி, தண்ணீருக்கு எவ்வளவு பக்கம், வசதிகளின் பட்டியல், இதெல்லாம் பிரெய்ரி என்ற இந்தச் சமவெளியில் இரண்டாம் பட்சம். உங்கள் சைட்டுக்கு மேற்கே என்ன இருக்கிறது என்பதுதான் இங்கே முதல் கேள்வி. அப்புறம் நாங்கள் சாஸ்கடூனுக்கே குடிவந்துவிட்டோம், ஒவ்வொரு கோடையிலும் 24 அடி ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு சுற்றுகிறோம். அந்த முதல் ராத்திரி மாதிரி ஒன்று உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். ரெஜைனா, வினிபெக் பக்கம் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பாலானது அப்படியே பொருந்தும்.

படி 1: ஊருக்காகப் போகிறீர்களா, ஏரிக்காகப் போகிறீர்களா

இதை முடிவு செய்யாமல் தேட ஆரம்பித்தால் ரெண்டுங்கெட்டானாக ஓர் இடம்தான் அமையும். சாஸ்கடூனில் பார்க்க நிறைய இருக்கிறது. தெற்கு சாஸ்கட்செவன் ஆறு ஊரின் நடுவே ஓடுகிறது, கரையோரம் மீவாசின் நடைபாதை நீண்டுகொண்டே போகிறது. ஆற்றின் தடுப்பணைக்குக் கீழே வெள்ளைக் கூழைக்கடாக்கள் கூட்டமாக மீன் பிடிக்கும், கோடை முழுக்கப் பார்க்கலாம். ரீமாய் மாடர்ன் கலைக்கூடம் இருக்கிறது. ஊருக்கு வடக்கே சில நிமிட ஓட்டத்தில் வானஸ்கேவின் பாரம்பரியப் பூங்கா. பூர்வகுடி மக்கள் ஆறாயிரம் வருடத்துக்கும் மேலாக வந்து தங்கிய பள்ளத்தாக்கு அது, 2019இல் அங்கே காட்டெருமைகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் மூன்று நாளில் பார்ப்பதுதான் திட்டம் என்றால் ஊருக்குள்ளேயோ 15 கி.மீ.க்குள்ளேயோ தங்குங்கள். 30 கி.மீ. தள்ளி எடுத்தால் தினமும் 60 கி.மீ. ஓட்டம். ட்ரெய்லர்காரர்கள் காரையோ பிக்கப்பையோ கழற்றிக்கொண்டு ஓட்டிவிடலாம். பின்னால் கார் இழுத்து வராத மோட்டார்ஹோம்காரர்கள் பால் வாங்கப் போவதற்கும் வீட்டையே கிளப்ப வேண்டும், அவர்களுக்குப் பஸ் வசதியுள்ள ஊருக்குள் இடம்தான் சரி.

நீச்சல், மீன், விறகு நெருப்பு, வேறு வேலை இல்லாமல் கிடப்பது, இதற்குத்தான் போகிறீர்கள் என்றால் ஊரை மறந்துவிடுங்கள். போகும் வழியில் சாமான் வாங்கும் இடம் மட்டும்தான் சாஸ்கடூன்.

படி 2: என்னென்ன வகை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நகராட்சி நடத்துவது கோர்டன் ஹவ் கேம்ப்கிரவுண்ட். ஊரின் தென்மேற்கில், அவென்யூ P சவுத்தில் இருக்கிறது. இந்த ஊரில் வளர்ந்த ஹாக்கி வீரர் கோர்டி ஹவ் பெயர்தான். வளர்ந்த மரங்கள், ஆறும் பக்கம், கடைகளும் பக்கம். ஊரைப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். எந்த சைட்டில் மின்சாரம் மட்டும், எதில் தண்ணீரும் சேர்த்து என்பதைப் பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாகாணப் பூங்காக்களில் ஊருக்குப் பக்கமாக இருப்பவை இரண்டு, இரண்டும் குணத்தில் நேர் எதிர். பைக் லேக், ஊருக்குத் தென்மேற்கே சுமார் 30 கி.மீ., 60ஆம் நெடுஞ்சாலையில். ஆறு ஒரு காலத்தில் வளைந்து ஓடி, அப்புறம் தடம் மாறியதில் தனியாக நின்றுபோன குதிரைலாட ஏரி அது. மரம் அடர்த்தி, அதனால் காற்று தணிவு, அதே காரணத்தால் கொசு அதிகம். பிளாக்ஸ்ட்ராப் தெற்கே, 11ஆம் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து போக வேண்டும், அரை மணிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். 1960களில் தண்ணீருக்காக உண்டாக்கிய நீளமான, ஒடுங்கிய நீர்த்தேக்கம். பக்கத்தில் நிற்கிற குன்றும் மனிதர்கள் கொட்டி எழுப்பியதுதான், 1971 கனடா குளிர்கால விளையாட்டுகளில் பனிச்சறுக்குக்காக. அவ்வளவு தட்டையான நிலம் இது! பிளாக்ஸ்ட்ராப் திறந்த வெளி, படகும் மீனும் பிடித்தவர்களுக்கு அருமை, ஆனால் காற்று நேராக முகத்தில் அடிக்கும். கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட இருந்தால் நான் பைக் லேக்தான் போவேன், கொசுவை வலையால் சமாளித்துவிடலாம்.

அடுத்தது வட்டாரப் பூங்காக்கள், ரீஜனல் பார்க் என்பார்கள். சாஸ்கட்செவனுக்கே உரிய நல்ல விஷயம் இது. சுற்று வட்டாரக் கிராமங்களும் சிற்றூர்களும் சேர்ந்து நடத்துபவை, கட்டணம் குறைவு, கூட்டமும் குறைவு. ஆஸ்க்வித் பக்கம் ஈகிள் க்ரீக் அப்படி ஒன்று. தென்கிழக்கே வாட்ரஸ் அருகில் மானிட்டூ பீச், ஒன்றரை மணி நேர ஓட்டம். கடலைவிட உப்பு அதிகமான ஏரி, கையைக் காலை ஆட்டாமலே உடம்பு மிதக்கும், முட்டிவலிக்கு நல்லது என்று பெரியவர்கள் விரும்பி வருவார்கள்.

பலர் கவனிக்காத வகை ஒன்றும் உண்டு. சின்ன ஊர்களில் ஐஸ் ஹாக்கி அரங்கத்தின் பின்புறமோ விளையாட்டு மைதானத்தின் ஓரத்திலோ பத்துப் பதினைந்து சைட் போட்டிருப்பார்கள், மின்சாரக் கம்பம் இருக்கும், தண்ணீர்க் குழாய் ஒன்று இருக்கும், பணத்தை உறையில் போட்டுப் பெட்டியில் செலுத்திவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். ஒரு ராத்திரி தூங்கி எழுந்து போக இதைவிட நல்ல இடம் கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் நட்ட மரங்களும் பெரும்பாலும் சுற்றி நிற்கும்.

தனியார் இடங்கள் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும், முழு ஹுக்-அப் இருக்கும், நீளமான வண்டிக்கு வசதி. மரம் இருக்கிறதா என்பது இடத்துக்கு இடம் மாறும்.

படி 3: எந்த மாதம்

மே நடுவில் விக்டோரியா தின நீண்ட வார இறுதியில் எல்லாரும் கிளம்புவார்கள், ஆனால் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போவது அப்போது சாதாரணம், தண்ணீர்க் குழாய் உறைந்துபோகலாம், சில இடங்களில் தண்ணீரே திறந்திருக்க மாட்டார்கள். ஜூன் பச்சை, நீண்ட பகல், ஆனால் உண்ணியும் கொசுவும் உச்சம். ஜூலையில் கனோலா பூக்கும், இடியும் ஆலங்கட்டியும் வரும். ஆகஸ்ட் பின்பகுதியிலிருந்து அறுவடை, வயலோரத்தில் இருந்தால் கம்பைன் இயந்திரங்கள் ராத்திரியிலும் ஓடும், தூசி பறக்கும். ஆஸ்துமா இருப்பவர்கள் அந்தச் சமயத்தில் வயலை ஒட்டிய சைட் எடுக்காதீர்கள். என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தினம் கழிந்த முதல் இரண்டு வாரம்தான் அருமை. கொசு குறைந்துவிடும், ஆஸ்பென் இலைகள் மஞ்சளாகும், இடம் கேட்ட நாளில் கிடைக்கும். ராத்திரிக்குக் கம்பளி மட்டும் கூடுதலாக வேண்டும்.

மாகாணப் பூங்காப் பதிவு வழக்கமாக ஏப்ரலில் திறக்கும், பூங்காவுக்கு ஒரு நாள் என்று பிரித்து விடுவார்கள். கனடா தினம், ஆகஸ்ட் முதல் திங்கள் சேர்ந்த நீண்ட வார இறுதிகளுக்கு மின்சார சைட் வேண்டுமென்றால் திறக்கும் காலையிலேயே உட்கார வேண்டும். சைட் கட்டணம் வேறு, வண்டிக்கான நுழைவு அனுமதி வேறு. இரண்டையும் கூட்டித்தான் தனியார் விலையோடு ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று, சாஸ்கட்செவனில் கோடையில் கடிகாரத்தை மாற்ற மாட்டார்கள். ஆல்பர்ட்டாவிலிருந்து கோடையில் வந்தால் நேரம் ஒன்றுதான், மானிட்டோபாவிலிருந்து வந்தால் ஒரு மணி நேரம் பின்னால். அலுவலகம் மூடும் நேரத்தைக் கணக்கிடும்போது இதில் நிறையப் பேர் தவறுகிறார்கள்.

படி 4: வண்டியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்

கம்பெனி ஒட்டியிருக்கும் பெயரில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். 24 என்று போட்ட எங்கள் ட்ரெய்லர், முன் கொக்கியிலிருந்து பின் பம்பர் வரை டேப் வைத்து அளந்தால் 28 அடிக்கு மேல் வருகிறது. இழுக்கும் வண்டியையும் சேர்த்த மொத்த நீளம், ஸ்லைடு (வெளியே தள்ளி விரிக்கும் அறைப் பகுதி) வெளியே வரும் அளவு, அது எந்தப் பக்கம், மின் கம்பி எத்தனை அடி, இவ்வளவையும் போனில் எழுதி வையுங்கள். ஒரு ராத்திரிதான் என்றால் புல்-த்ரூ சைட் (ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுவது) எடுத்தால் வண்டியைக் கழற்றாமலே தூங்கலாம். மூன்று நாளுக்கு மேல் என்றால் பின்னோக்கி ஓட்டி நிறுத்தும் பேக்-இன்தான் மேல், ஏனென்றால் மரமும் மறைப்பும் பெரும்பாலும் அந்த சைட்களில்தான் இருக்கும்.

படி 5: மேலேயிருந்து பாருங்கள்

நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து கேம்ப்கிரவுண்டைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். கேம்ப்கிரவுண்டுக்காரர்கள் எடுத்த படத்தில் தெரியாத அத்தனையும் அதில் தெரியும்.

முதலில் மரம். பிரெய்ரியில் வயல்வெளி நடுவே நேர்கோடாக மரவரிசை தெரிந்தால் அது தானாக முளைத்ததல்ல. காற்றில் மண் பறந்துபோகாமல் இருக்கவும் வீட்டுக்கு மறைப்பாகவும் விவசாயிகள் நட்டது. இதற்காகவே 1901இலிருந்து 2013 வரை மத்திய அரசு கன்றுகளை விநியோகித்தது. இந்த மாகாணத்து இந்தியன் ஹெட் ஊரில் இருந்த நாற்றங்காலை மையமாக வைத்து 60 கோடிக்கும் மேலான கன்றுகள் போயிருக்கின்றன. சாஸ்கடூனிலும் 1913இல் ஒரு நாற்றங்கால் தொடங்கினார்கள், இன்று ஊர்க்காரர்கள் குழந்தைகளோடு போகும் ஃபாரஸ்ட்ரி ஃபார்ம் பூங்காவும் மிருகக்காட்சி சாலையும் அந்த இடம்தான். இந்த மரவரிசைகளில் நீங்கள் அடிக்கடி பார்ப்பது கரகானா என்ற புதர். ஆளுயரத்துக்கு மேல் அடர்த்தியான வேலியாக நிற்கும், வசந்தத்தின் கடைசியில் சின்னச் சின்ன மஞ்சள் பூ, ஜூலைக் கடைசி வெயிலில் அதன் காய்ந்த காய்கள் பட் பட்டென்று வெடித்து விதையைச் சிதறடிக்கும். மத்தியான நேரத்தில் ட்ரெய்லருக்குள் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டால் யாரோ பொரி வறுப்பது போல இருக்கும். சைட்டுக்கு மேற்கிலும் வடமேற்கிலும் கரகானாவோ, மேப்பிளோ, ஸ்ப்ரூஸோ இரண்டு வரிசை இருந்தாலே போதும், காற்றின் வேகம் பாதியாகக் குறைவதை உடம்பே சொல்லும்.

வரைபடத்தில் மரம் எவ்வளவு உயரம் என்று தெரியாதே என்பீர்கள். நிழலைப் பாருங்கள். நீளமான கரும் நிழல் விழுந்தால் வளர்ந்த மரம், பச்சைப் புள்ளிக்கு நிழலே இல்லையென்றால் போன வருடம் நட்ட கன்று.

அடுத்தது தண்டவாளம். சிஎன், சிபிகேசி என்ற இரண்டு ரயில் கம்பெனிகளின் பாதைகளும் சாஸ்கடூன் வழியாகப் போகின்றன. தண்டவாளம் பக்கத்தில் இருப்பதால் மட்டும் தூக்கம் போய்விடாது, எழுப்புவது கிராசிங்தான். ரயில் பொதுச் சாலையைக் கடக்கும் இடத்துக்கு 400 மீட்டருக்கு முன்பிருந்தே ஹாரன் அடிக்க வேண்டும்: இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம், வண்டி கிராசிங்கைத் தொடும்வரை. ராத்திரி பகல் பேதம் கிடையாது. பிரெய்ரியில் சாலைகள் கட்டம் போட்டது போல மைலுக்கு ஒன்று, இரண்டு மைலுக்கு ஒன்று என்று ஓடுவதால் ஒரே ரயில் நாலைந்து கிராசிங்கில் அடுத்தடுத்து ஊதிக்கொண்டே போகும். அதனால் கேம்ப்கிரவுண்டைச் சுற்றி 3 கி.மீ.க்குள் தண்டவாளமும் சாலையும் வெட்டும் இடங்களை விரல்விட்டு எண்ணுங்கள். அன்று அம்மாவைத் தூங்கவிடாத இடத்தில் பிறகு எண்ணிப் பார்த்தேன், மூன்று இருந்தது.

மூன்றாவது, நீள்சதுரமாக இரண்டு மூன்று குளங்கள் ஒட்டிக்கொண்டு தெரிகிறதா? அது ஏரி இல்லை, ஊரின் கழிவுநீர்க் குட்டை. காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் சாயங்காலம் வெளியே உட்கார முடியாது. மாடு கொழுக்க வைக்கும் பட்டிகளும் அப்படித்தான், பழுப்பு நிறக் கட்டங்களாகத் தெரியும்.

நான்காவது, உள்ளே போகும் வழி. கடைசி சில கி.மீ. சரளைச் சாலையா, மண் சாலையா என்று பாருங்கள். சரளை பரவாயில்லை, மெதுவாகப் போகலாம். மண் சாலை மழையில் நனைந்தால் இங்குள்ளவர்கள் கும்போ என்று சொல்கிற களிமண்ணாகிவிடும். டயரில் ஒட்டி, சுற்றச் சுற்ற அப்பி, மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு, கடைசியில் சக்கரமே திரும்பாது. மழை அறிவிப்பு இருந்தால் மண் சாலைக்குள் ட்ரெய்லரோடு போகவே வேண்டாம்.

படி 6: சைட் எண்ணைத் தேர்ந்தெடுங்கள்

இதைச் சரியாகச் செய்தால் சாதாரணமான கேம்ப்கிரவுண்டிலும் நன்றாக இருக்கலாம், இதைத் தவறவிட்டால் பெயர்பெற்ற இடத்திலும் அவதிதான்.

வட அமெரிக்க ட்ரெய்லர்களில் கதவும் ஆனிங்கும் வலது பக்கம். அப்படியானால் வண்டியின் முகம் வடக்கே பார்த்து நின்றால் கதவு கிழக்கே பார்க்கும். சாயங்கால வெயில் முதுகுப் பக்கம் விழும், மேற்குக் காற்றை ட்ரெய்லரே தடுத்துக் கொடுக்கும், நீங்கள் நிழலில் நாற்காலி போட்டு உட்காரலாம். முகம் தெற்கே பார்த்தால் எல்லாம் தலைகீழ். ஜூன் கடைசியில் இங்கே சூரியன் ஒன்பதரை மணிக்குத்தான் மறையும் என்பதை நினைவில் வையுங்கள். மத்தியானம் மூன்று மணியிலிருந்து ஆறரை மணி நேரம் அந்த வெயில் உங்கள் கதவிலும் ஜன்னலிலும் நேராக அடித்துக்கொண்டிருக்கும்.

பேக்-இன் சைட்டில் வண்டியின் முகம் பாதையைப் பார்த்துத்தான் நிற்கும். அதனால் கிழக்கு மேற்காக ஓடும் பாதைக்குத் தெற்குப் பக்கத்து சைட்களில் முகம் வடக்கே வரும். கேம்ப்கிரவுண்ட் வரைபடத்தில் வடக்குக் குறியைக் கண்டுபிடித்து இதை ஒரு தடவை போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. ஒரே ஒரு எச்சரிக்கை: மேற்கே மரமே இல்லாத வெட்டவெளியில் இந்தக் கணக்கு சரிவராது. அங்கே காற்று ட்ரெய்லரின் அகலப் பக்கத்தில் மோதி உலுக்கும். அப்படிப்பட்ட இடத்தில் நிழலை விட்டுக்கொடுத்து, முகமோ பின்பக்கமோ மேற்கே பார்க்கும்படி நிறுத்துவதுதான் நல்லது.

தாழ்வான சைட் வேண்டாம், மழைத் தண்ணீர் தேங்கும். கழிப்பறைக் கட்டிடத்துக்கு மிகப் பக்கத்திலும் வேண்டாம், ராத்திரி முழுக்க விளக்கும் கதவுச் சத்தமும். பெரியவர்கள் கூட இருந்தால் நாலைந்து சைட் தள்ளி எடுங்கள். கிழட்டு பாப்லர் மரத்துக்கு நேர் கீழே நிறுத்தாதீர்கள், காற்றில் கிளை முறிந்து விழும் மரம் அது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் வைத்திருந்தால் வடக்கு வானம் திறந்திருக்கிற சைட்டாகப் பாருங்கள், மேற்கே மரம் இருந்தால் அதற்கு அவ்வளவு இடைஞ்சல் வராது.

படி 7: மின்சாரக் கணக்கு

30 ஆம்ப் சைட் என்றால் 120 வோல்ட்டில் 3600 வாட். தொடர்ந்து இழுக்கும்போது 24 ஆம்புக்குள் வைத்துக்கொள்வது நல்லது. 13,500 பிடியு ஏசி ஓடும்போது 12, 13 ஆம்ப் எடுக்கும். இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் 15. இரண்டுமே 28 ஆகிவிட்டது. இதில் வாட்டர் ஹீட்டரை மின்சாரத்தில் போட்டிருந்தால் அது ஒரு 12. தோசைக்கல் காய்ந்து முதல் மாவை ஊற்றுகிற நேரத்தில் பிரேக்கர் விழுவது இப்படித்தான். வாட்டர் ஹீட்டரையும் ஃப்ரிட்ஜையும் கேஸுக்கு மாற்றுங்கள், சமைக்கிற அரை மணி நேரம் ஏசியை நிறுத்துங்கள், 30 ஆம்பில் தாராளமாகக் குடும்பம் நடத்தலாம்.

இரண்டு ஏசி உள்ள பெரிய வண்டிக்கு மட்டும்தான் 50 ஆம்ப் அவசியம், அது 120 வோல்ட் கம்பி இரண்டில் மொத்தம் 12,000 வாட் தரும். 15 ஆம்ப் மட்டுமே உள்ள சைட்டில் ஏசி ஓடும் என்று நம்பிப் போகாதீர்கள். இன்னொரு விஷயம், 35 டிகிரி அடிக்கிற நாளில் எல்லா ஏசியும் ஒன்றாக ஓடும்போது பழைய கேம்ப்கிரவுண்டுகளில் வோல்டேஜ் இறங்கும். 105க்குக் கீழே போனால் ஏசி கம்ப்ரஸருக்குக் கேடு. குறைந்த வோல்டேஜில் தானே துண்டிக்கிற சர்ஜ் ப்ரொடெக்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள், விலை அதிகம்தான், ஆனால் ஒரு ஏசியின் விலையைவிடக் குறைவு.

படி 8: தண்ணீரும் கழிவும்

மாகாணப் பூங்காக்களில் பெரும்பாலும் மின்சாரம் மட்டும்தான் சைட்டில் இருக்கும். தண்ணீரை வாசல் பக்கம் நிரப்பிக்கொண்டு போய், கிளம்பும்போது கழிவை சானி டம்ப் என்ற கொட்டுமிடத்தில் கொட்ட வேண்டும். அதனால் உங்கள் டாங்க் அளவுதான் எத்தனை நாள் தங்கலாம் என்பதை முடிவு செய்யும். எங்கள் நாலு பேர் குடும்பத்துக்குப் பாத்திரம் கழுவும் தண்ணீர் டாங்க்தான் முதலில் நிரம்புகிறது. குளிப்பதைப் பூங்காவின் குளியலறையில் வைத்துக்கொண்டு, எண்ணெய்ப் பாத்திரங்களைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் நாலு நாள் ஓடும். ஞாயிறு காலை பதினொன்றுக்கு மேல் சானி டம்பில் நீண்ட வரிசை நிற்கும், காபி குடித்த கையோடு ஒன்பதுக்கே போய்விடுங்கள். கறுப்பு டாங்கை (கழிப்பறைக் கழிவு) முதலில், சாம்பல் டாங்கைப் (குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர்) பிறகு திறந்தால் குழாய் தானே கழுவிக்கொள்ளும்.

ஊர் எல்லைக்கு வெளியே கிணற்றுத் தண்ணீர் என்றால் சுண்ணாம்பும் உப்பும் அதிகம் இருக்கும், டீ போட்டால் மேலே ஏடு படியும். சமையலுக்கும் குடிக்கவும் சாஸ்கடூன் குழாய்த் தண்ணீரை இரண்டு கேனில் பிடித்துக்கொண்டு போவது எங்கள் வழக்கம்.

படி 9: போன் செய்யுங்கள்

இணையத்தில் பதிவு செய்தாலும் ஒரு தடவை பேசிவிடுங்கள். நான் கேட்பவை இவைதான்: அந்த எண் சைட்டின் மேற்கே என்ன இருக்கிறது? ராத்திரி ரயில் ஹாரன் கேட்குமா? போன மழைக்கு அந்தப் பாதையில் வண்டி சிக்கியதா? தண்ணீர் திறந்துவிட்டார்களா, கொதிக்க வைக்கச் சொல்லும் அறிவிப்பு இருக்கிறதா? நெருப்புத் தடை இருக்கிறதா? புயல் வந்தால் எந்தக் கட்டிடத்துக்குப் போக வேண்டும்? கடைசிக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்கிறார்கள் என்றால் அந்த இடத்தைப் பொறுப்பாக நடத்துகிறார்கள் என்று அர்த்தம்.

அந்தக் கேள்வியை நான் சும்மா கேட்பதில்லை. இங்கே கோடைப் புயல் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் மேற்கிலிருந்து எழும். மரவரிசை அன்றாடக் காற்றுக்குத்தான் மறைப்பு, சூறாவளிக்கு அது எதுவும் செய்யாது, ட்ரெய்லரும் செய்யாது. செங்கல்லோ கான்கிரீட்டோ கொண்டு கட்டிய கழிப்பறை, அலுவலகத்தின் நிலவறை, இப்படி ஓர் இடம் எது என்று வந்த அன்றே வீட்டில் எல்லாருக்கும் காட்டிவிடுங்கள். மாகாணத்தின் அவசர எச்சரிக்கைகளைத் தரும் சாஸ்க்அலர்ட் செயலியைப் போனில் வைத்து, தூங்கும்போது சத்தத்தை அணைக்காதீர்கள். வெளியே போகும்போதும் படுக்கும்போதும் ஆனிங்கைச் சுருட்டிவிடுங்கள், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும்.

மற்றவை சுருக்கமாக. உண்ணி மே, ஜூனில் புல்லில் இருக்கும், ராத்திரி குழந்தைகளின் காதுக்குப் பின்னாலும் தலைமுடியிலும் தடவிப் பாருங்கள். வெஸ்ட் நைல் வைரஸ் பரப்பும் கொசு ஜூலைக் கடைசி, ஆகஸ்டில் அதிகம், அந்தி நேரத்தில் முழுக்கைச் சட்டை. வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகாதீர்கள், எல்ம் விறகைக் கொண்டுபோவதும் வைத்திருப்பதும் இந்த மாகாணத்தில் சட்டப்படி தடை, மரநோய் பரவும் என்பதால். வடக்கே காடு எரிந்தால் புகை இங்கே வரை இறங்கும், அப்போது பணம் திரும்பக் கிடைக்குமா என்று பதிவு விதியைப் படித்து வையுங்கள். நாய் வைத்திருப்பவர்கள் கோஃபர் என்ற தரை அணிலின் வளைகளைக் கவனியுங்கள், இருட்டில் நம் காலும் அதில் மடங்கும்.

படி 10: போய்ச் சேர்ந்ததும் கழற்றாதீர்கள்

வண்டியைப் பாதையிலேயே நிறுத்திவிட்டு இறங்கி சைட்டை ஒரு சுற்று நடங்கள். ஷூ பதிகிறதா என்று மண்ணை மிதித்துப் பாருங்கள், மேலே செத்த கிளை இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள், மின்பெட்டியைத் திறந்து பிளக் கருகியிருக்கிறதா பாருங்கள், வோல்டேஜ் பாருங்கள். சரியில்லையென்றால் அப்போதே அலுவலகத்துக்குப் போய் மாற்றித்தரக் கேளுங்கள், கொக்கி மாட்டியிருக்கும்போது மாறுவது பத்து நிமிட வேலை, எல்லாம் விரித்த பிறகு இரண்டு மணி நேரம்.

அப்புறம் சாயங்காலம் சாப்பிட்டு முடித்ததும் கேம்ப்கிரவுண்ட் முழுக்க ஒரு நடை போங்கள். வெயில் சாய்ந்திருக்கும், எந்தெந்த சைட்டில் ஆட்கள் வெளியே உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், எதில் கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு உள்ளே இருக்கிறார்கள் என்று பாருங்கள். வெளியே உட்கார்ந்திருப்பவர்களின் சைட் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் ட்ரெய்லர் அலமாரியில் அதற்கென்றே ஒரு பள்ளிக்கூட நோட்டு இருக்கிறது, பூங்காவுக்கு ஒரு பக்கம். ஏப்ரலில் பதிவு திறக்கும் காலை அந்த நோட்டைத்தான் முதலில் எடுத்து வைக்கிறோம். போன கோடையில் அம்மா மறுபடி வந்தபோது அதிலிருந்து எடுத்த ஒரு சைட்டில்தான் தங்கினோம், பைக் லேக்கில், மேற்கே அடர்த்தியான மரம், கதவு கிழக்கே. காலை ஏழரை மணிக்கு நான்தான் போய் அம்மாவை எழுப்ப வேண்டியிருந்தது.